லூசில் பால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையத்தில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைக் காட்சி இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. வெள்ளைத் தொப்பி போட்ட இரண்டு பெண்கள் சாக்லேட் தொழிற்சாலையில் நின்றுகொண்டு, ஓடிவரும் சாக்லேட்டுகளைத் தாளில் சுற்ற முடியாமல் வாயில் அடைத்துக்கொள்வார்கள். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு “யார் இந்த அம்மா?” என்று கேட்பவர்களுக்காக இந்தக் கேள்வி பதில்.

யார் இந்த லூசில் பால்?

அமெரிக்க நடிகை. 1911-ல் பிறந்து 1989-ல் மறைந்தவர். பதினெட்டு வருடம் சினிமாவில் சின்னதும் நடுத்தரமுமான வேடங்களில் ஓட்டிவிட்டு, நாற்பது வயதில் தொலைக்காட்சிக்கு வந்தார். ‘ஐ லவ் லூசி’ என்ற நகைச்சுவைத் தொடர் அவரை அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகமாக்கியது. பிறகு ஒரு பெரிய ஸ்டுடியோவுக்கே தலைவியானார். அவர் செய்த கோமாளித்தனங்களைப் பேசும் அளவுக்கு முதலாளியாக அவர் செய்ததை யாரும் பேசுவதில்லை என்பது என் குறை. அதனால் கீழே அந்தப் பக்கம் கொஞ்சம் நீண்டுவிட்டது.

குடும்பப் பெயரை மட்டும் போட்டு எழுதினால் தமிழில் பால் கணக்கு நோட்டு மாதிரி ஆகிவிடுகிறது. ஆகவே நடிகையை லூசில் என்றும், தொடரில் வரும் பாத்திரத்தை லூசி என்றும் எழுதுகிறேன்.

எங்கே பிறந்தார்? சில இடங்களில் மொன்டானா என்று போட்டிருக்கிறதே?

நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் ஜேம்ஸ்டவுன் என்ற ஊரில், 1911 ஆகஸ்ட் 6 அன்று. மொன்டானா அவரே கிளப்பிவிட்ட கதை. நடிகைக்குப் பொருத்தமான ஊராகக் காதில் விழும் என்று நினைத்திருக்கிறார். அடியோடு பொய்யும் இல்லை. அப்பா ஹென்றி பால் தொலைபேசிக் கம்பெனியில் கம்பம் ஏறிக் கம்பி கட்டும் வேலை பார்த்தவர். வேலை இழுத்த இடமெல்லாம் குடும்பமும் போனது, கொஞ்ச காலம் மொன்டானாவிலும் இருந்தார்கள். மிஷிகன் மாநிலத்தில் இருந்தபோது, 1915-ல், அப்பா டைபாய்டு வந்து இறந்துபோனார். லூசிலுக்கு அப்போது மூன்று வயது. தம்பி ஃப்ரெட் அம்மா வயிற்றில் இருந்தான்.

அதன்பின் ஜேம்ஸ்டவுனை ஒட்டிய செலரான் என்ற ஏரிக்கரை ஊரில் தாத்தா வீட்டில் வளர்ந்தார். தாத்தா ஃப்ரெட் ஹன்ட் நாடகம், பலகுரல், ஆட்டம் பாட்டு என்று மேடையில் எது நடந்தாலும் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அந்த வீடும் நிலைக்கவில்லை. 1927-ல் தாத்தா பேரனுக்கு ஒரு துப்பாக்கி வாங்கிக் கொடுத்து, கொல்லையில் குறிபார்த்துச் சுடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். விளையாட வந்த ஒரு பெண் சுட்ட குண்டு, குறுக்கே வந்த பக்கத்து வீட்டுப் பையனின் முதுகெலும்பில் பாய்ந்தது. பையனுக்கு இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போனது. வழக்கில் தாத்தா தோற்றார், வீடு கைவிட்டுப் போனது.

பறவைகள் என்றால் பயமாமே?

ஆமாம். அப்பா இறந்த நாளில் ஒரு பறவை வீட்டுக்குள் புகுந்து மாட்டிக்கொண்டது அவர் நினைவில் அப்படியே ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் பறவைப் படம் போட்ட சுவர்த்தாள் இருந்தால் அந்த ஓட்டல் அறையில் தங்கமாட்டார்.

நடிப்புப் பள்ளியில் “உனக்கு நடிப்பு வராது” என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்களா?

ஏறக்குறைய அப்படித்தான். 1926-ல், பதினைந்து வயதில், நியூயார்க் நகரத்தில் ஜான் மரே ஆண்டர்சன் நடத்திய நாடகப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே எல்லோரும் மெச்சிய மாணவி, பின்னாளில் பெரிய ஹாலிவுட் நட்சத்திரமான பெட்டி டேவிஸ். லூசில் பேசவே கூச்சப்பட்டார். “பணத்தை வீணாக்குகிறீர்கள்” என்று பள்ளியிலிருந்து அம்மாவுக்குத் தகவல் போனது.

ஊருக்குத் திரும்பியவர் மறுபடி நியூயார்க் போய், ஹாட்டி கார்னகி என்ற பிரபல உடை வடிவமைப்பாளரிடம் மாடலாக நின்றார். டயான் பெல்மான்ட் என்று பெயரையும் மாற்றிக்கொண்டார். நடுவில் மூட்டுவாதம் வந்து கால்கள் மடங்கி, இரண்டு வருடம் போல வீட்டோடு கிடந்தார். எழுந்து வந்தபின் சிகரெட் விளம்பரத்தில் முகம் வந்தது. அதன் தொடர்ச்சியாக 1933-ல் ‘ரோமன் ஸ்கேண்டல்ஸ்’ படத்தில் கும்பலில் ஒருத்தியாக நிற்க ஹாலிவுட்டுக்கு ரயில் ஏறினார்.

சினிமாவில் ஏன் பெரிய நட்சத்திரம் ஆகவில்லை?

ஹாலிவுட்டுக்கு அவரை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியவில்லை என்பேன். ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவில் மாதச் சம்பள நடிகையாக இருந்தார். ‘டாப் ஹாட்’ படத்தில் பூக்கடைப் பெண்ணாக வந்து போவார். ‘ஸ்டேஜ் டோர்’ படத்தில் கேத்தரின் ஹெப்பர்ன், ஜிஞ்சர் ராஜர்ஸ் நடுவில் நின்றும் தனியாகத் தெரிவார். 1942-ல் ஹென்றி ஃபோண்டாவுடன் நடித்த ‘தி பிக் ஸ்ட்ரீட்’ அவருக்கே பிடித்த படம். அதில் இரக்கமே இல்லாத ஒரு பாடகி வேடம். அழகி, அழுத்தமாக நடிப்பார், நன்றாகவும் சிரிக்கவைப்பார். ஆனால் ஸ்டுடியோக்கள் அழகிகளை ஒரு வரிசையிலும் கோமாளிகளை இன்னொரு வரிசையிலும் நிறுத்திய காலம் அது. குறைந்த செலவில் எடுத்த இரண்டாம் தரப் படங்களே அதிகம் வந்ததால் ‘பி படங்களின் ராணி’ என்று கிண்டலாகப் பட்டம் கட்டினார்கள்.

அந்த வருடங்கள் வீண் என்று சொல்லமாட்டேன். பின்னால் எம்.ஜி.எம். ஸ்டுடியோவில் இருந்தபோது பக்கத்திலேயே பஸ்டர் கீட்டன் இருந்தார். மௌனப்பட மேதை, ஆனால் அப்போது மார்க்கெட் போய், மற்றவர் படங்களுக்கு நகைச்சுவைத் துணுக்கு யோசித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தார். ஒரு நாற்காலியையோ தொப்பியையோ எப்படிக் கையாண்டால் சிரிப்பு வரும் என்று லூசிலுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். மேடையில் பயன்படுத்தும் ஒவ்வொரு சாமானையும் தானே எடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்ற பாடத்தை லூசில் கடைசிவரை விடவில்லை.

அந்தச் சிவப்புத் தலைமுடி இயற்கையா?

இல்லை. சொந்த நிறம் பழுப்பு. முப்பதுகளில் பொன்னிறமாக வைத்திருந்தார், 1943-ல் வந்த ‘டுபாரி வாஸ் எ லேடி’ வண்ணப்படத்துக்காக எம்.ஜி.எம்.மில் சிவப்பாக்கினார்கள். அப்புறம் ஆயுசு முழுக்க மருதாணிதான். அந்த மருதாணிப் பொடியைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டியிருந்தாராம். அவருக்குத் தலைவாரிய அம்மா சொன்ன கதை. வேடிக்கை என்னவென்றால், உலகத்துக்கே தெரிந்த அந்தச் சிவப்பு முடி ‘ஐ லவ் லூசி’யில் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். தொடர் கறுப்பு வெள்ளை.

டெசி ஆர்னாஸ் யார்?

கணவர், தொடரிலும் கணவர், தொழிலில் பங்காளி. கியூபாவின் சாந்தியாகோ நகரத்தில் 1917-ல் பிறந்தவர். அப்பா அந்த ஊர் மேயர். 1933 புரட்சியில் சொத்து சுகமெல்லாம் போய் மயாமிக்கு ஓடிவந்தார்கள். அங்கே டெசிக்குக் கிடைத்த முதல் வேலைகளில் ஒன்று கேனரிக் குருவிக் கூண்டுகளைச் சுத்தம் செய்வது. பறவைக்குப் பயந்த பெண்ணுக்கு இப்படி ஒரு மாப்பிள்ளை! பிறகு வாத்தியக் குழு சேர்த்து, கோங்கா மேளம் தட்டிப் புகழ்பெற்றார். 1940-ல் ‘டூ மெனி கேர்ள்ஸ்’ பட வேலையில் இருவரும் சந்தித்து, அதே வருடம் நவம்பர் 30 அன்று கனெக்டிகட் மாநிலத்தில் சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டார்கள். லூசிலைவிட டெசி ஆறு வயது இளையவர்.

டெசி ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போவார். லூசில் ஸ்டுடியோவுக்குப் போவார். குடியும் பிற பெண்களும் வேறு. 1944-லேயே லூசில் ஒருமுறை விவாகரத்து கேட்டு வழக்குப் போட்டுப் பின்வாங்கினார். ஒரே ஊரில், ஒரே வேலையில் இருந்தால் குடும்பம் பிழைக்கும் என்று அவர் நம்பியதில்தான் ‘ஐ லவ் லூசி’ முளைத்தது.

தொடர் எப்படி ஆரம்பித்தது?

1948-லிருந்து லூசில் சி.பி.எஸ். வானொலியில் ‘மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்’ என்ற நகைச்சுவைத் தொடரில் நடித்துவந்தார். அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர நிறுவனம் கேட்டது. “கணவராக டெசி நடித்தால் வருகிறேன்” என்றார் லூசில். சி.பி.எஸ். தயங்கியது: கியூபாக்காரர், கொச்சை ஆங்கிலம் பேசுபவர், அமெரிக்கப் பெண்ணுக்குக் கணவர் என்றால் ஜனங்கள் நம்புவார்களா?

ஜனங்களையே கேட்டுவிடலாம் என்று 1950-ல் இருவரும் ஒரு மேடை நிகழ்ச்சி தயாரித்து ஊர் ஊராகப் போனார்கள். அரங்கம் சிரித்தது. அந்த வருடமே இருவர் பெயரையும் ஒட்டவைத்து ‘டெசிலு’ என்று கம்பெனி தொடங்கினார்கள். 1951 மார்ச்சில் மாதிரிப் படம் எடுத்தபோது லூசில் முதல் குழந்தையை, மகள் லூசியை, சுமந்துகொண்டிருந்தார். வானொலித் தொடரின் எழுத்தாளர்கள் ஜெஸ் ஓப்பன்ஹைமர், மேடலின் ப்யூ, பாப் கேரல் மூவரும் அப்படியே கூட வந்துவிட்டார்கள். 1951 அக்டோபர் 15, திங்கட்கிழமை இரவு 9 மணிக்கு முதல் ஒளிபரப்பு.

கதை சின்னது. ரிக்கி என்ற வாத்தியக் குழுத் தலைவர்; மேடையேறத் துடிக்கும் அவர் மனைவி லூசி; அதே கட்டடத்தில் குடியிருக்கும் வீட்டுக்காரத் தம்பதி ஃப்ரெட், ஈத்தல். லூசி திட்டம் போடுவாள், ஈத்தலை இழுத்துக்கொள்வாள், திட்டம் கவிழும்.

மூன்று கேமரா, மூன்று கேமரா என்கிறார்களே, அது என்ன?

கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டிய பதில் இது.

அந்நாளில் தொலைக்காட்சி நாடகங்கள் பெரும்பாலும் நியூயார்க்கில் நேரலையாக நடக்கும். அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் அதைத் தெளிவாகப் பார்க்கும். மேற்குப் பக்கத்துக்கு, தொலைக்காட்சித் திரையைப் பார்த்தபடியே ஒரு கேமராவை வைத்துப் படம்பிடித்து அந்தச் சுருளை அனுப்புவார்கள். கிணற்றுக்குள் நடப்பது மாதிரி மங்கலாக இருக்கும். தொடரின் செலவை ஏற்ற சிகரெட் கம்பெனி பிலிப் மோரிஸ். அவர்களுக்கு வாடிக்கையாளர் அதிகம் கிழக்கில். எனவே நியூயார்க்குக்கு வந்து நடியுங்கள் என்றார்கள். லூசிலும் டெசியும் ஹாலிவுட்டை விட்டு வரமாட்டோம் என்றார்கள்.

அப்படியானால் எல்லா ஊருக்கும் ஒரே தரத்தில் போக, சினிமாவுக்குப் பயன்படும் 35 மில்லிமீட்டர் சுருளில் எடுப்பதுதான் வழி. ஆனால் லூசிலுக்கு ஆட்கள் எதிரே இருந்து சிரித்தால்தான் வேகம் வரும். சினிமா மாதிரி துண்டு துண்டாக எடுத்தால் அது செத்துவிடும். ஆக, ஒரு ஸ்டுடியோவில் செட்டுகளை வரிசையாக அடுத்தடுத்துப் போட்டு, எதிரே சுமார் 300 பேர் உட்கார இருக்கை போட்டு, நாடகம் மாதிரி முதலிலிருந்து கடைசிவரை நடித்தார்கள். மூன்று சினிமா கேமராக்கள் சக்கர வண்டிகளில் ஓடி ஓடி ஒரே நேரத்தில் எடுத்தன.

இதில் பெரிய தலைவலி விளக்கு. சினிமாவில் ஒவ்வொரு கோணத்துக்கும் விளக்கை மாற்றி வைப்பார்கள். இங்கே மூன்று கோணமும் ஒன்றாக எடுக்கவேண்டும், விளக்குக் கம்பம் எதுவும் சட்டகத்துக்குள் வரக்கூடாது, கேமரா ஓடத் தரை காலியாக இருக்கவேண்டும். அதற்கு அவர்கள் பிடித்த ஆள் கார்ல் ஃப்ராய்ண்ட். ஜெர்மனியில் ‘மெட்ரோபாலிஸ்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர், ‘தி குட் எர்த்’ படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர். முதலில் முடியாது என்றவர், பிறகு விளக்குகளைத் தலைக்கு மேலே தொங்கவிட்டு, நிழல் விழாமல் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும்படி செய்தார்.

பல கேமராவில் எடுப்பதை இவர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று சொல்வது மிகை. வேறு சிலர் அதற்கு முன்பே முயன்றிருக்கிறார்கள். பார்வையாளர், சுருள், மூன்று கேமரா மூன்றையும் சேர்த்து வாராவாரம் ஓடக்கூடிய ஒரு பட்டறையாக்கியது டெசிலு. பின்னாளில் வந்த அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களில் பலவும் அந்தப் பட்டறை வழிதான்.

அதில் பணம் எங்கே வந்தது?

சுருளில் எடுப்பது செலவு அதிகம். அந்தக் கூடுதல் செலவை ஈடுகட்ட லூசிலும் டெசியும் தங்கள் சம்பளத்தில் வாரம் 1000 டாலர் குறைத்துக்கொண்டார்கள். பதிலுக்கு டெசி கேட்டது ஒன்றே ஒன்று: ஒளிபரப்பு முடிந்தபின் சுருள்கள் எங்களுக்குச் சொந்தம். சி.பி.எஸ். கொடுத்துவிட்டது. ஒருமுறை பார்த்த நிகழ்ச்சியை மறுபடி யார் பார்க்கப் போகிறார்கள் என்பது அன்றைய கணக்கு.

லூசிலின் பிரசவ ஓய்வுக் காலத்தில் பழைய பகுதிகளைத் திரும்பப் போட்டபோது ஜனங்கள் அப்போதும் உட்கார்ந்து பார்த்தார்கள். மறு ஒளிபரப்பு என்ற வியாபாரம் அப்படிச் சூடுபிடித்தது. கடைசியில் அந்த உரிமைகளை சி.பி.எஸ்.ஸே பல லட்சம் டாலர் கொடுத்து இவர்களிடமிருந்து வாங்கவேண்டி வந்தது. 1957-ல் சுமார் 60 லட்சம் டாலருக்கு டெசிலு ஒரு ஸ்டுடியோவை வளைத்துப் போட்டது. எந்த ஸ்டுடியோ தெரியுமா? ஆர்.கே.ஓ. இருபது வருடம் முன்னால் லூசில் பூக்கடைப் பெண்ணாக வந்து போன அதே இடம்.

ஒரே ஒரு பகுதி பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

1952 செப்டம்பரில் வந்த ‘ஜாப் ஸ்விட்சிங்’. முதலில் சொன்ன சாக்லேட் காட்சி இதில்தான். சம்பாதிப்பது கஷ்டமா, வீட்டு வேலை கஷ்டமா என்று சண்டை வந்து, பெண்கள் வேலைக்குப் போக ஆண்கள் சமையலறைக்குள் நுழைகிறார்கள். ரிக்கி ஆளுக்கு ஒரு பவுண்டு என்று நாலு பேருக்கு நாலு பவுண்டு அரிசியை உலையில் போடுகிறார். மேலே சொல்ல வேண்டுமா?

சாக்லேட் காட்சியைச் சிரித்து முடித்தபின் இரண்டாம் தடவை லூசிலின் கண்ணை மட்டும் பாருங்கள். மேற்பார்வைக்காரி எச்சரித்துவிட்டுப் போகிறாள்: ஒரு சாக்லேட் சுற்றாமல் உள்ளே போனாலும் வேலை காலி. சாக்லேட்டுகளைக் கொண்டுவரும் பட்டை மெதுவாக ஓடுகிறது. லூசி ஈத்தலைப் பார்த்து, இது சுலபம் என்கிற மாதிரி ஒரு திருப்திப் பார்வை பார்க்கிறாள். வேகம் கூடுகிறது. கை தடுமாறுகிறது, ஆனால் முகம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் சாக்லேட்டை வாயில் போடும்போது ஒரு திருட்டுத்தனம் இருக்கும், நாலாவது போடும்போது வெறும் பதற்றம். தொப்பிக்குள், சட்டைக்குள் என்று இடம் தேடுகிறார்கள். மேற்பார்வைக்காரி திரும்பி வரும்போது பட்டை காலி. “அடடே, நன்றாகச் செய்கிறீர்களே” என்று பாராட்டிவிட்டு, பின்னால் திரும்பி, இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்டச் சொல்லிக் கத்துகிறாள். கன்னம் இரண்டும் புடைத்து, பேசவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நிற்கும் லூசியின் கண்ணில் அப்போது தெரிவது நிஜமான திகில். சிரிப்பு அங்கேதான் வெடிக்கிறது.

இன்னொன்று பார்க்க நேரமிருந்தால், அதே வருடம் மே மாதம் வந்த சத்து டானிக் விளம்பரப் பகுதி. ‘விட்டமீட்டாவெஜமின்’ என்று வாயில் நுழையாத பெயர், அதில் 23 சதவீதம் ஆல்கஹால். ஒவ்வொரு ஒத்திகைக்கும் ஒரு கரண்டி குடிக்கவேண்டும். பெயர் படிப்படியாகக் குழறும் விதம் அவ்வளவு கணக்காக இருக்கும். பார்க்கிறவர்கள் அங்கேயே தோன்றியதைப் பேசுகிறார் என்று நினைப்பார்கள். உண்மையில் லூசில் எழுதிக் கொடுத்த வசனத்தை மாற்றவே மாட்டார். வாரம் முழுக்க ஒத்திகை பார்த்து, கரண்டி எந்தக் கையில் என்பதுவரை முடிவு செய்தபின்தான் மக்கள் முன்னால் நிற்பார்.

கர்ப்பம் என்ற சொல்லுக்கே தடை இருந்ததாமே?

1952-ல் லூசில் மறுபடி கருவுற்றார். தொடரை நிறுத்துவதற்குப் பதில் லூசியும் கருவுற்றதாகக் கதையை மாற்றினார்கள். நிறுவனமும் விளம்பரதாரரும் நெளிந்தார்கள். நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தி வயிற்றை மறைக்கலாமா என்றுகூட யோசனை வந்தது. டெசி பிலிப் மோரிஸ் தலைவருக்கே கடிதம் எழுதிச் சாதித்தார். ஆனாலும் ‘ப்ரெக்னன்ட்’ என்ற சொல் கூடாது. பகுதியின் தலைப்பில் பிரெஞ்சுச் சொல்லைப் போட்டுச் சமாளித்தார்கள். கதைவசனத்தை ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டண்ட் போதகர், ஒரு யூத குரு மூவரும் படித்து ஒப்புதல் தந்தபின்தான் படப்பிடிப்பு.

குழந்தை பிறக்கும் பகுதி 1953 ஜனவரி 19 அன்று ஒளிபரப்பானது. அதே நாளில் லூசிலுக்கு அறுவை சிகிச்சையில் மகன் பிறந்தான், டெசி ஜூனியர். தொலைக்காட்சி இருந்த வீடுகளில் 71.7 சதவீதம் அதைப் பார்த்தன, சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர். மறுநாள் ஐசன்ஹோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. இதுதான் தொலைக்காட்சியில் காட்டிய முதல் கர்ப்பம் என்று எழுதுவார்கள், அது சரியில்லை. 1948-லேயே ‘மேரி கே அண்ட் ஜானி’ என்ற தொடரில் வந்துவிட்டது.

கம்யூனிஸ்ட் என்று விசாரித்தார்களா?

விசாரித்தார்கள். 1936-ல் வாக்காளர் பதிவில் கம்யூனிஸ்ட் கட்சிக்கு வாக்களிக்க விருப்பம் என்று லூசில் கையெழுத்திட்டிருந்தார். தாத்தா ஹன்ட் பழைய சோஷலிஸ்ட். அவர் மனம் கோணாமல் இருக்கக் குடும்பமே போட்ட கையெழுத்து அது என்று 1953 செப்டம்பரில் நாடாளுமன்றக் குழுவின் விசாரணை அதிகாரியிடம் சொன்னார். செய்தி கசிந்தது. அந்தக் காலத்தில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கு எத்தனையோ பேர் பிழைப்பே போனது. அந்த வார படப்பிடிப்புக்கு முன் டெசி பார்வையாளர் முன்னால் வந்து, லூசியிடம் சிவப்பாக இருப்பது தலைமுடி மட்டும்தான், அதுவும் அசல் இல்லை என்றார். கைதட்டல். விளம்பரதாரரும் கைவிடவில்லை. நாட்டிலேயே அதிகம் பார்க்கப்பட்ட தொடர் என்பதும் ஒரு கவசம்தான்.

ஃப்ரெட்டும் ஈத்தலும் நிஜத்திலும் சண்டையா?

நிஜத்தில் இன்னும் மோசம். ஃப்ரெட்டாக நடித்த வில்லியம் ஃப்ராலி, ஈத்தலாக நடித்த விவியன் வான்ஸைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர். இந்தக் கிழவருக்கா நான் மனைவி என்று விவியன் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. கடைசிவரை ஆகவில்லை. லூசிலும் விவியனும் மட்டும் ஆயுள் முழுக்கத் தோழிகள்.

எப்போது பிரிந்தார்கள்?

180 பகுதிகளோடு ‘ஐ லவ் லூசி’ 1957 மே மாதம் முடிந்தது. பிறகு அதே நால்வரை வைத்து ஒரு மணி நேரச் சிறப்பு நிகழ்ச்சிகள் பதின்மூன்று. கடைசி நிகழ்ச்சியின் படப்பிடிப்பு 1960 மார்ச்சில். கதைப்படி இருவரும் முத்தமிட்டுச் சமாதானமாக வேண்டும். இருபது வருடத்தை மூடிவைத்த முத்தம் அது என்று டெசி சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மறுநாள் லூசில் விவாகரத்து மனு கொடுத்தார். 1961-ல் கேரி மார்ட்டன் என்ற மேடை நகைச்சுவைக் கலைஞரை மணந்து கடைசிவரை அவருடன் வாழ்ந்தார். டெசியோடு பேச்சு அற்றுப்போகவில்லை.

‘ஸ்டார் ட்ரெக்’குக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

1962-ல் டெசியின் பங்கை வாங்கிக்கொண்டு டெசிலுவின் தலைவியானார். அமெரிக்காவில் அந்த அளவுள்ள ஸ்டுடியோவுக்கு ஒரு பெண் தலைமை வகித்தது அதுவே முதல் தடவை. 1960-களின் நடுவில் வெளியிலிருந்து வந்த இரண்டு யோசனைகள் மேசைக்கு வந்தன: ‘ஸ்டார் ட்ரெக்’, ‘மிஷன்: இம்பாசிபிள்’. இரண்டுமே செலவைக் குடிக்கும் தொடர்கள். ‘ஸ்டார் ட்ரெக்’கின் முதல் மாதிரிப் படத்தை என்.பி.சி. தொலைக்காட்சி நிறுவனம் திருப்பி அனுப்பிவிட்டு, இன்னொன்று எடுத்துக் காட்டச் சொன்னது. டெசிலு இயக்குநர் குழு வேண்டாம் என்றது. எடுங்கள் என்று லூசில் சொன்னார். 1966-ல் இரண்டும் ஒளிபரப்புக்கு வந்தன.

விண்வெளிக் கதையில் அவருக்கு மோகம் ஒன்றும் இல்லை. பட்டாளத்து வீரர்களை மகிழ்விக்கப் போகும் சினிமா நட்சத்திரங்களின் கதை என்றுதான் முதலில் நினைத்திருந்தாராம். புரியாத சரக்கானாலும் தன் ஆட்கள் மேல் நம்பிக்கை வைத்துப் பணத்தைப் போட்டாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. செலவு கழுத்தை நெரிக்கவே 1967-ல் டெசிலுவை 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் நிறுவனத்துக்கு விற்றார். அது பாரமவுண்டோடு இணைந்தது.

அதற்குப் பிறகு?

‘தி லூசி ஷோ’, ‘ஹியர்ஸ் லூசி’ இரண்டும் சேர்ந்து 1962 முதல் 1974 வரை ஓடின. 1972-ல் பனிச்சறுக்கில் கால் முறிந்தபோது கட்டோடேயே வந்து நடித்தார், கதையிலும் லூசிக்குக் கால் முறிந்ததாக எழுதிவிட்டார்கள். சினிமாவில் ஃபோண்டாவுடன் நடித்த ‘யுவர்ஸ், மைன் அண்ட் அவர்ஸ்’ வசூலித்தது. 1974-ல் வந்த ‘மேம்’ படுத்தது. 1985-ல் ‘ஸ்டோன் பில்லோ’ தொலைக்காட்சிப் படத்தில் நியூயார்க் தெருவில் படுத்துறங்கும் கிழவியாக வந்தார். கோமாளி லூசியை அதில் தேடினால் கிடைக்கமாட்டார். 1986-ல் எழுபத்தைந்து வயதில் ‘லைஃப் வித் லூசி’ என்று மறுபடி ஏணி ஏறி விழப் போனார். எட்டுப் பகுதி ஒளிபரப்பானதும் நிறுத்திவிட்டார்கள். நொறுங்கிப்போனார்.

அந்த டிசம்பர் 2 அன்று டெசி இறந்தார். ஐந்து நாள் கழித்து லூசிலுக்கு, அமெரிக்காவில் கலைஞர்களுக்குத் தரும் கென்னடி மையத்தின் கௌரவம். டெசி இறப்பதற்கு முன் எழுதிக் கொடுத்த குறிப்பை அந்த மேடையில் படித்தார்கள். ‘ஐ லவ் லூசி’ என்பது வெறும் தலைப்பாக ஒருபோதும் இருந்ததில்லை என்று அது முடிந்தது.

எப்படி இறந்தார்?

1989 மார்ச் 29 அன்று ஆஸ்கர் மேடையில் பாப் ஹோப்புடன் நின்றார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மூன்று வாரத்தில் இதயத்துப் பெருந்தமனியில் அறுவை சிகிச்சை. தேறிவருகிறார் என்று நினைத்த நேரத்தில் வயிற்றுப் பகுதியில் தமனி வெடித்து ஏப்ரல் 26 காலையில் உயிர் பிரிந்தது. வயது 77. நகைச்சுவை நடிகை கேரல் பர்னெட்டுக்கு அன்று பிறந்தநாள். வருடா வருடம் லூசில் பூ அனுப்புவார். அந்த வருடப் பூங்கொத்தும் அன்று பிற்பகல் வந்து சேர்ந்தது.

‘பயமுறுத்தும் லூசி’ சிலை என்பது என்ன?

செலரானில் 2009-ல் வைத்த வெண்கலச் சிலை. கையில் டானிக் புட்டியும் கரண்டியும். முகம் மட்டும் பேய் அறைந்த மாதிரி. ஊரார் இணையத்தில் இயக்கமே நடத்தி, 2016-ல் அவர் பிறந்தநாளன்று வேறு சிலை வைக்கவைத்தார்கள். பழையதை அகற்றவில்லை, அதே பூங்காவில் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. அதைப் பார்க்கவே தனியாக ஆட்கள் வருகிறார்களாம்.

தொடரில் கேட்கும் சிரிப்பு நிஜமா, பதிவு செய்து ஒட்டியதா?

எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் சிரிப்பு. அந்தக் கூட்டத்தில் அநேகமாக ஒவ்வொரு படப்பிடிப்புக்கும் வந்து உட்கார்ந்த ஒருவர் உண்டு. லூசி விபரீதத்தில் கால் வைக்கப் போகும் நேரத்தில், மற்றவர்கள் சிரிப்பதற்கு ஒரு நொடி முன்னால், “அய்யய்யோ” என்கிற மாதிரி ஒரு பெண் குரல் தனியாகக் கேட்கும். அது லூசிலின் அம்மா டீடீ.